இழுக்கும்போது அட்டை ஏன் திக்குகிறது?

கேள்வி: வணக்கம் சார். நான் பி.சி.ஏ. முடித்துவிட்டு, பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுவதற்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு விளையாட்டு எழுதியிருக்கிறேன். 1280-க்கு 800 பிக்சல் பலகையில் 247 தமிழ் எழுத்துகளும் சின்னச் சின்ன அட்டைகளாகச் சிதறிக் கிடக்கும். ஓர் அட்டையை இழுத்து இன்னொன்றின் மேல் கொண்டுபோனால் அடியில் இருப்பது மஞ்சளாக ஒளிரும். அங்கேயே விட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு சொல்லாகும். என் லேப்டாப்பில் ஓரளவு ஓடுகிறது. பிள்ளைகளிடம் இருக்கும் பழைய டேப்லெட்டில் அட்டை விரலுக்குப் பின்னால் திக்கித் திக்கி வருகிறது, மஞ்சள் மினுக்மினுக்கென்று அணைந்து எரிகிறது. விளையாட விளையாட இன்னும் மோசமாகிறது. சில நேரம் அட்டை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பலகையை நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போய்த் தேடும் குவாட் ட்ரீ என்ற கட்டமைப்பைப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். போடட்டுமா? என் நிரலையும் இணைத்திருக்கிறேன். அடுத்து இதே முறையில் உயிர்மெய் அட்டவணை விளையாட்டு ஒன்றும் செய்ய ஆசை.
— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் நிரலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். முதலில் நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: குவாட் ட்ரீ வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வது தவறான யோசனை இல்லை, இந்த இடத்துக்கு உரியது இல்லை, அவ்வளவுதான். அதைப் போட்டாலும் டேப்லெட்டில் அட்டை இப்படியேதான் திக்கும். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக, மேசை நாற்காலிகளை இழுத்து வைத்து அரங்க அமைப்பைத் திட்டமிடும் கருவி ஒன்றை எழுதினேன். இதே திக்கல்தான். இரண்டு வாரம் செலவழித்து அழகான ஒரு மரக் கட்டமைப்பை எழுதிச் சேர்த்தேன். வேகத்தில் மாற்றமே தெரியவில்லை. அப்புறம்தான் நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தேன். ஒப்பிடுவதில் போகவே இல்லை. பொருள் எங்கே இருக்கிறது என்று பிரவுசரைக் கேட்பதிலேயே முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் நிரலிலும் அதுதான் நடக்கிறது.

திக்குவது, விளையாட விளையாட மோசமாவது, பாதியில் நிற்பது என்று நீங்கள் சொல்லும் மூன்றையும் ஒரே நோயாகப் பார்க்காதீர்கள். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. பெரியது திக்கல்தான், அதிலிருந்து தொடங்குவோம்.

விரல் ஒவ்வொரு முறை நகரும்போதும் உங்கள் 'பாயின்டர் மூவ்' ஹேண்ட்லர், அதாவது அந்த நகர்வு வந்ததும் ஓடும் ஃபங்ஷன், என்ன செய்கிறது? ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். எல்லா அட்டைகளையும் எல்லா அட்டைகளோடும் ஒப்பிடுகிறது. 247 அட்டைகளில் எத்தனை ஜோடி? 247-ஐ 246-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 30,381. ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு அட்டைகளின் இடத்தையும் 'கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட்' மூலம் கேட்கிறீர்கள். ஆக, விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் 60,762 கேள்விகள். நகர்வது ஒரே ஓர் அட்டை, மற்ற 246-ம் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. அவை ஒன்றோடொன்று படிந்திருக்கின்றனவா என்ற கேள்விக்கு இப்போது வேலையே இல்லை. வெளி லூப்பை எடுத்துவிட்டு, இழுபடும் அட்டையை மட்டும் மற்ற 246-ஓடு ஒப்பிடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே லேப்டாப்பில் பளிச்சென்று வித்தியாசம் தெரியும்.

டேப்லெட்டுக்கு அது போதாது. இன்னும் ஆழமாக ஒன்று இருக்கிறது.

உங்கள் லூப்புக்குள் ஒவ்வொரு ஜோடிக்கும் முதலில் மஞ்சளை அணைக்கிறீர்கள், இரண்டும் படிந்திருந்தால் திரும்ப ஏற்றுகிறீர்கள். அந்த மஞ்சளுக்கான சி.எஸ்.எஸ். வகுப்பில் மூன்று பிக்சல் பார்டரும் இருக்கிறது. பார்டர் மாறினால் அட்டையின் அளவு மாறலாம், அளவு மாறினால் பக்கத்தின் அமைப்பையே பிரவுசர் மறுபடி கணக்கிட வேண்டும். சாதாரணமாகப் பிரவுசர் இந்தக் கணக்கை உடனே போடாது. எல்லா மாற்றங்களும் முடியட்டும் என்று சேர்த்து வைத்து, அடுத்த பிரேமை, அதாவது திரையில் காட்டும் அடுத்த படத்தை, வரையும் முன் ஒரே தடவையாகப் போடும். ஆனால் நீங்கள் மாற்றியவுடனேயே 'இந்த அட்டை இப்போது எங்கே இருக்கிறது?' என்று கேட்டுவிட்டால் அதற்குக் காத்திருக்க வழியில்லை. சரியான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக அந்த நிமிடமே கணக்கைப் போட்டாக வேண்டும். அடுத்த சுற்றில் மறுபடி மாற்றுகிறீர்கள், மறுபடி கேட்கிறீர்கள், அது மறுபடி போடுகிறது.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் சீசனில் எடை மேடை முன்னால் லாரிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முழு லோடையும் ஏற்றிவிட்டு ஒரு தடவை மேடையில் நிறுத்தினால் ஒரே சீட்டில் வேலை முடிந்தது. ஒவ்வொரு கிரேட் ஏற்றியதும் லாரியை மேடைக்கு ஓட்டிவந்து எடை போட்டு, திரும்பப் போய் அடுத்த கிரேட்டை ஏற்றினால் விடிந்தாலும் அந்த லாரி பாலக்கோடு தாண்டாது. எழுதுவது, படிப்பது, எழுதுவது, படிப்பது என்று உங்கள் நிரல் மாறி மாறிச் செய்வது அதுதான். இதை 'லேஅவுட் த்ராஷிங்' என்பார்கள். தீர்வு, படிக்க வேண்டியதை எல்லாம் முதலில் படித்து முடித்து, எழுத வேண்டியதை எல்லாம் கடைசியில் எழுதுவது.

உங்கள் விளையாட்டில் அதைவிட நல்ல வழியும் இருக்கிறது. தயவுசெய்து இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள்: அந்த 247 அட்டைகளையும் பலகையில் தூவியது யார்? நீங்கள்தானே. உங்கள் நிரல்தான் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வைத்தது. அந்த எண்கள் ஒரு நொடி உங்கள் கையில் இருந்தன, பிறகு அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, தேவைப்படும்போதெல்லாம் பிரவுசரிடம் போய்க் கேட்கிறீர்கள். மண்டிக்காரர் தன் பேரேட்டில் எழுதி வைத்துக்கொள்வது போல, ஒவ்வொரு அட்டைக்கும் இடது விளிம்பு, மேல் விளிம்பு, அகலம், உயரம் என்ற நான்கு எண்களை ஒரு வரிசையில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அட்டை எங்கே இருக்கிறது என்பதற்கு அந்தப் பேரேடுதான் ஆதாரம். திரை அதைப் பார்த்து வரைகிற படம் மட்டும்தான். படத்தைப் பார்த்துக் கணக்கு எழுதாதீர்கள்.

இப்படி மாற்றிய பிறகு இழுக்கும் நேரத்தில் பிரவுசரிடம் இடத்தைக் கேட்க வேண்டிய தேவை ஒரே ஒரு முறைதான் வரும். விரல் வைத்தவுடன், அதாவது 'பாயின்டர் டவுன்' நிகழ்வில், பலகை திரையில் எங்கே தொடங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, விரல் அட்டைக்குள் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது என்ற இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பிடித்த கணமே அட்டை துள்ளி, அதன் மூலை விரலுக்கு அடியில் வந்துவிடும், சின்னப் பிள்ளைகள் பயந்து கையை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு விரலின் இடத்திலிருந்து இந்த இரண்டையும் கழித்தால் அட்டையின் புது இடம். வெறும் கழித்தல்தான்.

இனி ஒப்பிடுவது. இரண்டு செவ்வகங்கள் படிந்திருக்கின்றனவா என்று கேட்பதைவிட, இரண்டும் விலகி இருக்கின்றனவா என்று கேட்பது சுலபம். ஒன்று மற்றதற்கு முழுக்க இடப்பக்கம் இருக்க வேண்டும், அல்லது வலப்பக்கம், அல்லது மேலே, அல்லது கீழே. இந்த நான்கில் ஒன்று உண்மையானாலும் விலகியிருக்கின்றன, அடுத்த அட்டைக்குப் போய்விடலாம். நான்கும் பொய் என்றால் படிந்திருக்கின்றன. பெரும்பாலான அட்டைகள் முதல் ஒன்றிரண்டு கேள்வியிலேயே கழன்றுவிடும். பேரேட்டிலிருந்து எடுத்த எண்களை வைத்து இப்படி 246 முறை ஒப்பிடுவது, எவ்வளவு பழைய டேப்லெட்டாக இருந்தாலும், அதற்கு ஒரு வேலையே இல்லை. வினாடிக்கு 60 முறை செய்தாலும் 14,760 ஒப்பீடுகள்தான். குவாட் ட்ரீ இந்த 246-ஐத்தான் குறைக்கும். செலவே இல்லாத இடத்தில் சிக்கனம் பிடித்து என்ன பயன்?

ஆனால் நாளைக்கு ஆயிரக்கணக்கான பொருள்கள் வரும் ஒன்றைச் செய்தால் அப்போதும் மரத்துக்குப் போகும் முன் கட்ட முறையை முயன்று பாருங்கள். கிராம வரைபடத்தில் ஒரு சர்வே எண்ணின் எல்லைத் தகராறைப் பார்க்கிறவர், தாலுகா முழுவதும் உள்ள பட்டாக்களைப் புரட்ட மாட்டார், ஒட்டியிருக்கும் சர்வே எண்களை மட்டும்தான் பார்ப்பார். அதுபோலப் பலகையை 64 பிக்சல் கட்டங்களாகப் பிரித்தால் உங்கள் அளவுக்கு 20 பத்தி, 13 வரிசை, மொத்தம் 260 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும், அதைத் தொடும் அட்டைகளின் பட்டியல் ஒன்று. அட்டையை 48 பிக்சல் என்று நிலையாக வைத்தால் (ஏன் என்று பின்னால் சொல்கிறேன்) அது கட்டத்தைவிடச் சிறியது. அதனால் எங்கே இருந்தாலும் நான்கு கட்டங்களுக்கு மேல் தொடாது. அந்த நான்கு பட்டியல்களை மட்டும் பார்த்தால் போதும், சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு அட்டைதான் வரும். எழுதவும் எளிது, பிழை வந்தால் கண்டுபிடிக்கவும் எளிது. இப்போதைக்குத் தேவையில்லை, தெரிந்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எத்தனை முறை ஒப்பிடுவது என்ற கேள்வி. சாதாரண யு.எஸ்.பி. மவுஸ் வினாடிக்கு 125 முறை தன் இடத்தைச் சொல்லும். பெரும்பாலான திரைகள் வினாடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கும். ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. திரை காட்டப்போகாத இடங்களுக்கெல்லாம் கணக்குப் போட வேண்டாம். இப்போதைய குரோம் மூவ் நிகழ்வுகளைத் தானே பிரேமுக்கு ஏற்பச் சேர்த்துத் தருகிறது என்றாலும், எல்லாக் கருவிகளிலும் அதை நம்பியிருக்காதீர்கள். மூவ் ஹேண்ட்லர் ஒரே ஒரு வேலையைத்தான் செய்ய வேண்டும்: விரலின் கடைசி இடத்தைக் குறித்துக்கொண்டு, 'அடுத்த பிரேமை வரையும் முன் என் ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று பிரவுசரிடம் சொல்லும் 'ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்' ஏற்கெனவே கேட்கப்படவில்லை என்றால் கேட்டுவிட்டுத் திரும்புவது. அட்டையை நகர்த்துவது, ஒப்பிடுவது, மஞ்சள் ஏற்றுவது எல்லாம் அந்தப் பிரேம் ஃபங்ஷனுக்குள் நடக்கட்டும்.

இதில் நிறையப் பேர் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. பிள்ளைகள் அட்டையைச் சரேலென்று இழுத்து உடனே விரலை எடுத்துவிடுவார்கள். கடைசி நகர்வுக்கான பிரேம் இன்னும் வந்திருக்காது, அதற்குள் 'பாயின்டர் அப்' வந்துவிடும். அந்த நேரத்தில் நிரலுக்குத் தெரிந்தது பழைய இடம்தான். பிள்ளை 'ம்' மேல் விட்டிருப்பான், நிரல் பக்கத்தில் இருந்த 'ன்' மேல் ஒட்டிவிடும். 'நான் சரியாத்தான் வெச்சேன்' என்று அவன் சொல்வது முழு உண்மை. எனவே விரலை எடுத்தவுடன், நிலுவையில் இருக்கும் பிரேமை ரத்து செய்துவிட்டு, விரல் எடுத்த இடத்தை வைத்து ஒரு முறை நேரடியாக ஒப்பிட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அட்டையை நகர்த்த 'லெஃப்ட்', 'டாப்' மதிப்புகளை மாற்றுகிறீர்கள். அதற்குப் பதில் 'டிரான்ஸ்ஃபார்ம்' பண்பில் 'டிரான்ஸ்லேட்' கொடுங்கள். முன்னது அமைப்புக் கணக்கைத் தொடும், பின்னது பெரும்பாலும் ஏற்கெனவே வரைந்த அட்டையை அப்படியே எடுத்து வேறு இடத்தில் வைப்பதோடு முடிந்துவிடும். 'இது மாறப்போகிறது' என்று பிரவுசருக்கு முன்கூட்டிச் சொல்லும் 'வில் சேஞ்ச்' என்ற குறிப்பை இழுபடும் அட்டைக்கு மட்டும், இழுபடும் நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். 247 அட்டைகளுக்கும் நிரந்தரமாகக் கொடுத்திருக்கிறீர்கள், அது பழைய டேப்லெட்டின் நினைவகத்தைத் தின்றுவிடும்.

மஞ்சள் மினுக்குவதற்கு வருவோம். முதல் காரணம் மேலே சொன்ன இரட்டை லூப்தான். இழுபடும் அட்டையோடு ஒப்பிடும்போது ஏற்றிய மஞ்சளை, அடுத்த ஜோடியின் ஒப்பீடு வந்து அணைத்துவிடுகிறது. லூப்பை மாற்றும்போது அது போய்விடும். ஆனாலும் அட்டைகள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் இன்னொரு மினுக்கல் மிஞ்சும். இழுபடும் அட்டை ஒரே நேரத்தில் இரண்டு மூன்றின் மேல் படிந்திருக்கும், எது ஒளிர வேண்டும்? அதிகப் பரப்பில் படிந்திருப்பது ஒன்றுதான் ஒளிர வேண்டும். பரப்பைக் காண்பது எளிது: இரண்டு வலது விளிம்புகளில் சிறியதிலிருந்து இரண்டு இடது விளிம்புகளில் பெரியதைக் கழித்தால் அகலம், அதேபோலக் கீழ் விளிம்பிலும் மேல் விளிம்பிலும் செய்தால் உயரம். இரண்டையும் பெருக்குங்கள். விரல் நடுங்கும்போது இரண்டு அட்டைகளின் பரப்பும் மாறி மாறி முந்தும், மஞ்சளும் அங்கும் இங்கும் தாவும். அதற்கு ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு வேண்டும். புதிதாக ஒளிர அட்டையின் பரப்பில் 30 சதவீதமாவது படிய வேண்டும், ஒளிர்ந்தது அணைய 20 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டும், வேறோர் அட்டை அந்த இடத்தைப் பிடிக்கக் கண்ணுக்குத் தெரியும் அளவு முந்த வேண்டும் என்று வையுங்கள். இந்த எண்களை நான் மேசையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் விரலை வைத்துப் பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் எண்தான் சரியான எண்.

ஒளிரும் அட்டை எது என்பதை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அது மாறினால் மட்டும் பழையதை அணைத்துப் புதியதை ஏற்றுங்கள். மாறாத பிரேமில் எதையும் தொட வேண்டாம். பார்டருக்குப் பதில் பின்னணி நிறத்தையோ 'அவுட்லைன்' பண்பையோ பயன்படுத்துங்கள். அவை அட்டையின் அளவை மாற்றாது.

இரண்டாவது நோய், விளையாட விளையாட மோசமாவது. இது கணக்கு சம்பந்தப்பட்டதே இல்லை. ஒவ்வொரு முறை விரல் வைக்கும்போதும் டாக்குமென்ட்டில் ஒரு மூவ் லிசனரை, அதாவது விரல் நகர்வதைக் கவனித்து ஓடும் ஃபங்ஷனை, சேர்க்கிறீர்கள். விரல் எடுக்கும்போது நீக்குவதாக நினைத்து 'ரிமூவ் ஈவென்ட் லிசனர்' எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சேர்த்தது ஒரு பெயரில்லாத ஃபங்ஷன், நீக்கச் சொல்வது அதே வரிகளை மறுபடி எழுதிய இன்னொரு பெயரில்லாத ஃபங்ஷன். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பிரவுசருக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். அது எதையும் நீக்காது, தவறு என்றும் சொல்லாது. பத்து அட்டை இழுத்தால் பத்து லிசனர், நாற்பது இழுத்தால் நாற்பது. விரல் ஒரு முறை நகர்ந்தால் அந்தப் பெரிய லூப் நாற்பது முறை ஓடுகிறது. பக்கத்தை ரீலோட் செய்தால் சரியாகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள், அது இதனால்தான். ஃபங்ஷனுக்கு ஒரு பெயர் கொடுத்து அதே பெயரால் சேர்த்து அதே பெயரால் நீக்குங்கள். அதைவிட நல்லது, பலகைக்கு மட்டும் ஒரே ஒரு முறை லிசனர்களைப் போட்டுவிட்டு, எந்த அட்டையிலிருந்து நிகழ்வு வந்தது என்று உள்ளே பார்த்துக்கொள்வது. 247 அட்டைகளுக்கும் தனித்தனி லிசனர் தேவையில்லை.

மூன்றாவது, அட்டை பாதி வழியில் நின்றுவிடுவது. இது டேப்லெட்டில் மட்டும்தான் நடக்கிறது என்று எழுதியிருந்தால் நிரலைத் திறக்காமலே சொல்லியிருப்பேன். விரல் கொஞ்சம் மேலும் கீழுமாக நகர்ந்ததும், பிள்ளை பக்கத்தை ஸ்க்ரோல் செய்கிறது என்று பிரவுசர் நினைத்துவிடுகிறது. விரலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு உங்களுக்கு 'பாயின்டர் கேன்சல்' என்ற நிகழ்வை அனுப்பிவிடுகிறது. அதை நீங்கள் கவனிக்கவே இல்லை, அட்டை அந்தரத்தில் நிற்கிறது. சி.எஸ்.எஸ்.ஸில் அட்டைகளுக்கு 'டச் ஆக்‌ஷன்: நன்' என்று கொடுங்கள். அதை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். விரல் வைத்த பிறகு ஜாவாஸ்கிரிப்டில் கொடுத்தால் அந்தத் தொடுதலுக்கு அது செல்லாது. கேன்சல் நிகழ்வு வந்தால் அட்டையைப் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பும் வரியையும் எழுதிவிடுங்கள். விரல் வைத்தவுடன் 'செட் பாயின்டர் கேப்சர்' அழைத்தால், விரல் பலகையை விட்டு வெளியே போனாலும் நிகழ்வுகள் உங்களுக்கே வந்து சேரும்.

ஒரு டேப்லெட்டைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகள் உட்கார்வார்கள், இல்லையா? ஒருவன் இழுக்கும்போதே இன்னொருத்தி வேறு அட்டையில் விரல் வைப்பாள். உங்கள் நிரலில் இழுபடும் அட்டைக்கு ஒரே ஒரு மாறிதான் இருப்பதால், இரண்டாவது விரல் வந்ததும் முதலாமவனின் அட்டை அநாதையாகிவிடும். ஒவ்வொரு விரலுக்கும் பிரவுசர் ஒரு 'பாயின்டர் ஐடி' தருகிறது. அந்த ஐடியை வைத்து, எந்த விரல் எந்த அட்டையைப் பிடித்திருக்கிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொண்டால் இரண்டு பேரும் சேர்ந்தே விளையாடலாம். இதை விட்டுவிடாமல் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் திண்ணையில் நடப்பது ஒற்றைப் பிள்ளையின் விளையாட்டு இல்லை.

தமிழ் எழுத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 'ட' எவ்வளவு ஒல்லி, 'ணௌ' எவ்வளவு அகலம்! அட்டையின் அகலத்தை எழுத்து தீர்மானிக்கும்படி விட்டிருக்கிறீர்கள். வெப் ஃபான்ட் தாமதமாக வந்து இறங்கும்போது எல்லா அட்டைகளின் அகலமும் மாறும், நீங்கள் எழுதி வைத்த பேரேடு பொய்யாகிவிடும். எல்லா அட்டைகளையும் ஒரே அளவாக, 48-க்கு 48 என்று நிலையாக வைத்து, அகலமான எழுத்துகளை மட்டும் சற்றுச் சிறிய அளவில் அச்சிடுங்கள். 48-க்குக் கீழே போக வேண்டாம். விரலால் தொட வசதியான அளவு என்று ஆண்ட்ராய்டு வடிவமைப்புக் குறிப்புகளும் அதைத்தான் சொல்கின்றன.

இதையெல்லாம் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். குரோமின் டெவ்டூல்ஸில் 'பெர்ஃபாமன்ஸ்' பகுதியைத் திறந்து, பதிவைத் தொடங்கி, ஐந்து வினாடி அட்டையை இழுத்துவிட்டு நிறுத்துங்கள். மஞ்சள் பட்டைகள் உங்கள் ஸ்கிரிப்ட் ஓடிய நேரம், ஊதாப் பட்டைகள் அமைப்புக் கணக்குக்குப் போன நேரம். இப்போது எடுத்தால் ஊதாப் பட்டைகள் வரிசையாக நிற்கும், வற்புறுத்திக் கணக்குப் போட வைத்த இடங்களில் எச்சரிக்கையும் இருக்கும். பேரேடு முறைக்கு மாறிய பிறகு இழுக்கும் நேரத்தில் ஊதா கிட்டத்தட்ட மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால் எங்கேயோ இன்னும் பிரவுசரைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அந்தப் பட்டையைச் சொடுக்கினால் எந்த வரி என்றே காட்டும். டேப்லெட் பிள்ளைகளிடம் இருக்கும்போது, அதே பகுதியில் சி.பி.யு.வை நான்கு மடங்கோ ஆறு மடங்கோ மெதுவாக்கிவிட்டு லேப்டாப்பிலேயே சோதிக்கலாம். முதலில் லிசனர் பிழையைச் சரிசெய்யுங்கள். அது இருக்கும்வரை மற்ற அளவுகள் எல்லாம் குழப்பும்.

கடைசியாக, நீங்கள் செய்ய நினைக்கும் உயிர்மெய் அட்டவணை. அதற்கு இந்த ஒப்பீடுகூட வேண்டாம். சிதறிக் கிடக்கும் அட்டைகளில்தான் தேட வேண்டும், வரிசையாக இருப்பதில் வகுத்தாலே இடம் கிடைத்துவிடும். மெய் 18-ஐயும் குறுக்கே வையுங்கள், உயிர் 12-ஐயும் கீழ்நோக்கி வையுங்கள். கட்டத்துக்கு 48 பிக்சல் என்றால் 864-க்கு 576, உங்கள் பலகைக்குள் நன்றாக அடங்கும். புத்தகத்தில் இருப்பதுபோல் மெய்யைக் கீழ்நோக்கி வைத்தால் 864 உயரம் வரும், 800-க்குள் அடங்காது. அட்டவணை இடமிருந்து 40-லும் மேலிருந்து 60-லும் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை விட்ட அட்டையின் நடுப்புள்ளி குறுக்கே 150, கீழ்நோக்கி 160. 150-இல் 40 போக 110, அதை 48-ஆல் வகுத்தால் ஈவு 2. 160-இல் 60 போக 100, அதை 48-ஆல் வகுத்தாலும் ஈவு 2. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் குறுக்கே க், ங், ச். கீழ்நோக்கி அ, ஆ, இ. அந்தக் கட்டத்தில் வர வேண்டிய எழுத்து 'சி'. பிள்ளையின் கையில் இருந்த அட்டையும் அதுதானா என்று மட்டும் பார்த்தால் போதும்.